தேற்றம்: ஓர் அரைப்பக்கக் குறிப்பு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பள்ளி மாணவர்களுக்காக ஓர் அகராதி தயாராகிறது. சில சொற்களுக்கு மட்டும் கட்டம் கட்டி, பிறந்த விதம் சொல்லப்போகிறார்கள். எனக்கு ஒதுக்கிய சொல் 'தேற்றம்'. பொருள், வேர், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

பொருள் எழுதிவிட்டேன்: உறுதி; ஐயம் நீங்கிய நிலை. வேரும் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் வரவில்லை.

காரணம் எளிது. அந்தச் சொல்லை யாரும் பேசுவதில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டது. மற்ற இடங்களில் நிச்சயம், உறுதி, கண்டிப்பா, கன்ஃபார்ம்.

சொல் இல்லாவிட்டாலும் அது நிற்க வேண்டிய இடம் இருக்கும் என்று நினைத்தேன். யாரோ ஒருவர் ஐயமில்லாமல் ஒன்றைச் சொல்லும் இடம். புடவைகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எங்கள் குடியிருப்பின் வாசலில், டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே, இஸ்திரி வண்டி நிற்கும். வண்டிக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"கன்ஃபார்மா, நிச்சயமான்னு கடைசியா எப்ப சொன்ன?"

அவள் நிமிரவில்லை. ஒரு சட்டைக் கையின் மேல் பெட்டியை இழுத்தாள்.

"போலீஸ் டேசன்ல சொன்னேன்."

"எதுக்கு?"

"அத்த உடு யக்கா. இந்தப் பொடவைக்குக் கஞ்சி போட்டுகீறியா? சுருக்கம் போவ மாட்டேங்குது."

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் மறுபடி கேட்கவில்லை. இனி வருவது எல்லாம் நான் உண்டாக்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

(இல்லை. இன்னும் ஒரு உரையாடல் நடந்தது. அதையும் எழுதிவிட்டுப் பொய்க்குப் போகிறேன்.)

"உன்ன வெச்சு ஒரு கதை எழுதப்போறேன்."

"என்னியா? எனுக்கு இன்னா பேரு வெச்சுகீற?"

"வசந்தகுமாரி."

"ஜோராத்தான் கீது. டீச்சர் பேரு மாதிரி. செவப்பா கீறேன்னு போடு."

"நிறமெல்லாம் எழுத மாட்டேன்."

"அப்பால இன்னாத்துக்குக் கதை?" சிரித்தாள். பிறகு கேட்டாள். "புருசனுக்கு இன்னா பேரு?"

"தேவராஜ்."

"அந்தாளுக்கு அம்மாம் பெரிய பேரு வாணாம் யக்கா."

பெயரை மாற்றவில்லை. அவளுடைய அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறும்போது அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு சொன்னாளா என்பது இரண்டாவது மாடிக்குள் மறந்துவிட்டது.

3

தொடக்கங்கள்.

'அயனம்பாக்கம் ஏரியில் ஓர் உடல் மிதந்தது.' அடித்துவிட்டேன். ஏரி என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அதில் உடல் மிதக்கவைத்தால் நாளைக்கும் நான்தான் அதைப் பார்க்க வேண்டும்.

'தேவராஜ் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று வசந்தகுமாரி வாசலில்' — இதற்கு மேல் போகவில்லை. வாசலில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. தடுத்தாளா. பார்த்துக்கொண்டிருந்தாளா.

'பிணவறையில் குளிர் இல்லை.' இதை வைத்துக்கொள்கிறேன். உடலை ஏரியிலேயே கண்டெடுக்கட்டும். எனக்கு வேறு ஏரி தெரியாது.

பிணவறையில் குளிர் இல்லை. இயந்திரம் பழுது என்றார்கள். காவலர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம். சட்டைப்பையின் மேல் சிவப்பு நூலில் பெயர் தைத்திருந்தது. தேவராஜ்.

"உன் ஊட்டுக்காரரு சட்டையா?"

"ஆமா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"நான் தேய்ச்ச சட்ட சார். எனுக்குத் தெரியாதா?"

"ஆளையும் பாரு."

பார்த்தாள். முகம் என்று சொல்ல ஏரி எதையும் விட்டுவைக்கவில்லை. உயரம் இருந்தது. மெலிந்த கால்கள் இருந்தன. தேவராஜும் மெலிந்தவன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர்களில் பருத்தவர்கள் குறைவு.

"ஆளும் அவருதானா? கன்ஃபார்மா சொல்லணும்மா. அப்பறம் வந்து இல்லேன்னா நான்தான் மாட்டிக்குவேன்."

வெளியே ஒரு ஆம்புலன்ஸ் சத்தமிட்டுப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னாள்.

"கன்ஃபார்மா அவருதான்."

4

குறிப்பிலிருந்து:

'தேற்றம்', 'தேற்று' என்பதிலிருந்து வந்தது. 'தேற்று', 'தேறு' என்பதிலிருந்து. தேறுதல் என்றால் தெளிதல். நம்புதல் என்றும் பழைய பொருள் உண்டு. நோயிலிருந்து எழுவதும் தேறுதல். தேற்றுதல் என்றால் தெளியவைத்தல். அழுகிறவரை ஆற்றுவதும் அதுவே.

'உறுதி', 'உறு' என்பதிலிருந்து. உறுதல் என்றால் அடைதல், பொருந்துதல்.

'நிச்சயம்' வடமொழி. இந்த ஊர்ப் பக்கத்தில் அது ஒரு சடங்கு. முகூர்த்த நாளில் கரையான்சாவடி சாலையில் போனால் மண்டப வாசல்களில் பூவால் எழுதியிருப்பார்கள். உள்ளே வெற்றிலை பாக்கு வைத்த தட்டை இரு வீட்டாரும் மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்வரை நிச்சயம் இல்லை. மாற்றிவிட்டால் நிச்சயம்.*

* 'எனவே நிச்சயம் என்பது கண்டுபிடிப்பதல்ல, செய்வது' என்று எழுதி அடித்தேன். பள்ளி அகராதிக்கு அது வேண்டாம். வசந்தகுமாரிக்கு வேண்டும். இங்கே வைக்கிறேன்.

தேற்றா என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் கொட்டையை உரைத்துக் கலந்தால் கலங்கிய நீர் தெளியும். எழுதுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தனியாக இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வேலைகள் பிடிக்கும். கரையான்சாவடியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"தேத்தாங்கொட்டையா? லேகியம் பண்ணவா? ஒடம்பு தேறணுமா?"

"தண்ணி தெளியணும்."

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"அதுக்கு ஆர்ஓ போடுங்கம்மா."

தரைத்தொட்டி கழுவிய அன்று அடியில் பிடித்த தண்ணீர் ஒரு கண்ணாடித் தம்ளரில் இருந்தது. கல்லில் உரைத்த விழுதைக் கலந்து ஜன்னலில் வைத்தேன். சமைத்துச் சாப்பிட்டு வந்து பார்த்தபோது மேலே தெளிந்திருந்தது. தம்ளர் வழியாக ஏரி தெரிந்தது.

மண் போகவில்லை. அடியில் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் கதவைச் சாத்தினேன். தம்ளர் அசைந்தது. மறுபடி கலங்கியது.

5

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டை தெரியாவிட்டால் வசந்தகுமாரி என்ன செய்தாள் என்பது தெரியாது.

எஸ்டேட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு கான்ட்ராக்டர் சட்டை தருவார். பெயர் தைத்திருக்கும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டையில் உள்ள பெயரைப் பார்த்து உள்ளே விடுவார். ஒருவர் வரவில்லை என்றால் அவர் இடம் அடுத்த நாள் வேறு ஒருவருக்குப் போய்விடும். ஆகவே வர முடியாதவர் தன் சட்டையை நண்பரிடம் கொடுத்தனுப்புவார். நண்பர் அதைப் போட்டுக்கொண்டு போய் அவர் பெயரில் லோடு ஏற்றுவார். இடம் காப்பாற்றப்படும். இது எல்லாருக்கும் தெரியும். செக்யூரிட்டிக்கும்.

சிலர் வேலையைவிட்டுப் போனபின் சட்டை மட்டும் அடுத்தவரிடம் தங்கிவிடும். வசந்தகுமாரியின் வண்டிக்கு முகமது ஆசிக் என்று ஒருவர் வருவார். நெற்றி நிறையத் திருநீறு.

"ஆசிக்கு! உன் சட்ட ரெடியாக்கீது, எட்னு போ."

"யம்மே, ரோட்ல அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாத. கோயிலுக்குப் போயினுகீறேன்."

"உன் பேரு இன்னான்னு எனுக்கு எப்டித் தெரியும்? சட்டைல போட்டுகீறத்தான் கூப்புடுவேன்."

"பச்சையப்பன்."

"அது நல்லால்ல. நீ ஆசிக்காவே இரு."

ஆகவே: சட்டையில் பெயர் இருந்தால் உள்ளே இருப்பவர் அவர்தான் என்று நினைப்பது காவலர் செய்யக்கூடிய தவறு. நீங்களும் நானும் செய்வோம். வசந்தகுமாரி செய்ய மாட்டாள். செய்ய முடியாது. அவளுக்குத் தெரியும், தேவராஜ் குடித்துவிட்டுப் படுத்திருந்த நாட்களில் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன் பாபு. அம்பத்தூருக்கு அருகே பாடியில் குடியிருப்பவன். தேவராஜின் உயரம். மெலிந்த கால்கள்.

சட்டை சாட்சியாகாது என்று தெரிந்தே சொன்னாள்.

(என் வீட்டுக் கதவிலும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அதைப் பற்றி இந்தக் கதையில் எழுதப்போவதில்லை.)

6

நிவேதிதா கூப்பிட்டாள். அகராதியில் என் பகுதியைப் பார்த்துக்கொள்கிற பெண்.

"மேடம், தேற்றம் என்னாச்சு?"

"எழுதிட்டிருக்கேன்."

"அரைப் பக்கம்தானே?"

"கொஞ்சம் நீண்டுடுச்சு."

"எவ்வளவு மேடம்?"

"ஒரு அம்மா வந்துட்டாங்க. அவங்க புருஷன் காணாமப் போயிட்டார்."

மிகவும் பணிவாகக் கேட்டாள். "மேடம், நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

"எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் சின்னதா போதும். 'அவன் வருவான் என்பதில் அவளுக்குத் தேற்றம் இருந்தது.' அந்த மாதிரி. நாளைக்குக் குடுத்துருவீங்களா? கன்ஃபார்மா?"

கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அன்று வேறு யாரோடும் பேசவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தில் தவறு எதுவும் இல்லை. அதை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன். அவன் வருவான் என்பதில். மறுநாளும் அது அங்கேயே கிடந்தது.

7

ஏன் சொன்னாள் என்று கேட்பீர்கள்.

நான் ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவள் மனம் விரிவாக வந்தது. அவளை நான் நம்பவில்லை. இப்படி யாரும் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை. கிழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்திருக்கிறேன்.

தேவராஜ் பையோடு போனான். காவலரிடம் பையைப் பற்றி அவள் சொல்லவில்லை.

அவன் போன பிறகு தெருக்குழாய்க்கு அவள் வந்தால் பேச்சு நிற்கும். உடல் கிடைத்த பிறகு நிற்கவில்லை. குடத்தை வாங்கிப் பிடித்துக் கொடுத்தார்கள். விட்டுப்போனவனின் மனைவிக்கு யாரும் தேறுதல் சொல்வதில்லை. என்ன சொல்வது என்று தெரியாது. செத்தவனின் மனைவிக்குச் சொல்ல எல்லாரிடமும் சொற்கள் இருந்தன.

கதவுச் சத்தத்துக்கு எழுந்து பார்ப்பதை அவள் நிறுத்தினாள். வீட்டில் தேவராஜின் படம். அதற்கு பிளாஸ்டிக் மாலை. மகள் பள்ளிக்குப் போகும் முன் அதைத் தொட்டுக் கும்பிடுவாள். இரண்டு பேரும் தூங்கினார்கள்.

தட்டு மாற்றியாயிற்று. நான் இவ்வளவுதான் எழுத முடியும்.

8

இப்படியே முடித்திருக்கலாம். ஒரு பெண், ஒரு பொய், ஒரு தூக்கம். ஆனால் ஏரியில் கிடந்தவர் யாரோ ஒருவர். அவருக்கும் யாராவது இருப்பார்கள். அவரை நான்தான் அங்கே போட்டேன். ஆகவே சரசா வருகிறாள். பாபுவின் அம்மா.

இந்த இடத்தில் நானும் கதைக்குள் வர வேண்டியிருக்கிறது. ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி அருகே நிற்கிறேன். நீங்களும் வாருங்கள். புங்கமர நிழல் இருவருக்குப் போதும்.

வெயில். தெருவில் வேறு யாரும் இல்லை. ஒரு வயதான பெண் கட்டைப்பையோடு வந்தாள்.

"தேவராஜு சம்சாரம் நீதானேம்மா?"

"நீ யாரு?"

"பாடிலேர்ந்து வரேன். பாபு அம்மா."

பெட்டி நின்றது. வசந்தகுமாரி அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள்.

"குந்து. மூச்சு வாங்குது பாரு."

சரசா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் ஊட்டுக்கெல்லாம் வந்துகீறான்ல எம்புள்ள?"

"வந்துகீது. சோறு துன்னுட்டுப் போவும். கொயம்பு காரமா கீதுன்னு திட்டும்."

"அவன் அப்டித்தான். என்னியும் திட்டுவான்." சரசா லேசாகச் சிரித்தாள். "ஓசூர்ல வேல கீது, போவப்போறேன்னு சொல்லிகினே இருந்தான். போய்ட்டான்னு நெனச்சேன். போன் போவல. கோவமாக்கீறான், வருவான்னு நெனச்சேன். இப்ப கம்பெனில ஒரு புள்ள சொல்லுது. அந்த வாரம் உன் ஊட்டுக்காரரு சட்டையிலதான் எம்புள்ள உள்ள போனானாம்."

வசந்தகுமாரி பெட்டியின் கைப்பிடியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டினாள்.

சரசா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். சாம்பல் நிறம். சிவப்பு நூல். பாபு.

"இத்தத் தேய்ச்சுக் குடு."

"எதுக்கு?"

"ஆணில மாட்டிட்டுப் போனான். வேலைக்குப் போறேன்னுதான் சொன்னான். இந்தச் சட்ட ஊட்ல கீது. அப்ப எந்தச் சட்டையில போனான்?"

வசந்தகுமாரி சட்டையை வாங்கி மேசையில் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். பெட்டியைச் சட்டையில் வைத்தாள். முதலில் முதுகு. பிறகு கைகள். பெயர் இருந்த பக்கத்தைக் கடைசிக்கு விட்டாள்.

"நான் சண்டைக்கு வர்ல கண்ணு. டேசனுக்கும் போவல. உனுக்குப் பூ வெக்கறதா வாணாவான்னு தெரிஞ்சுபோச்சு. எனுக்கு வெளக்கு ஏத்தறதா, சோறு எட்த்து வெக்கறதான்னே தெர்ல. தெனம் அவனுக்கு எட்த்து மூடி வெக்கறேன். காலைல அத்தத் தண்ணி ஊத்தி நானே துன்றேன்."

பெட்டி கழுத்துப் பட்டியில் போனது.

"நீ ஒன்னு சொன்னாப் போதும். அது உன் புருசன்தானா? கன்ஃபார்மா சொல்லு."

9

இங்கே நிறுத்துகிறேன்.

'இல்லை' என்று வசந்தகுமாரி சொன்னால் சரசாவின் மகன் செத்துவிட்டான். தேவராஜ் எங்கோ இருக்கிறான், இவளை விட்டுப் போனவனாக. மாலையைக் கழற்ற வேண்டும். மகளிடம் சொல்ல வேண்டும். கதவுச் சத்தம் திரும்ப வரும்.

'ஆம்' என்று சொன்னால் இவள் வீடு அப்படியே இருக்கும். சரசா இன்று இரவும் சோறு எடுத்து மூடி வைப்பாள்.

முடிவு ஒன்று. 'அவருதாம்மா' என்கிறாள் வசந்தகுமாரி. சரசாவின் முகம் தெளிகிறது. சட்டையை வாங்கிக்கொண்டு போகிறாள். ஓசூர் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு. (அந்தத் தெளிந்த முகத்தை நான் நன்றாக எழுதியிருந்தேன். அதனாலேயே அடித்தேன்.)

முடிவு இரண்டு. 'தெர்லம்மா' என்கிறாள். உண்மை அதுதான். இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதை வாங்கிக்கொள்ள அந்த அம்மா பாடியிலிருந்து வெயிலில் வரவில்லை. அது அவளிடமே இருக்கிறது.

முடிவு மூன்று. தெருமுனையில் ஒருவன் வருகிறான். தோளில் பை. வண்டியைப் பார்த்ததும் நடை தளர்கிறது. வசந்தகுமாரி நிமிர்ந்து

இதை விட்டுவிட்டேன். அவனை வரவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெருமுனையில் யாராவது வரும்வரை காத்திருக்கிற கதைகளை எனக்குப் பிடிக்காது. எழுதவும் படிக்கவும்.

ஏரியில் கிடந்தவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எழுதுகிறவள் நான். ஒரு வாக்கியம் போதும். 'அது தேவராஜ்' என்று எழுதிப் பார்த்தேன். 'அது பாபு' என்று அதன் கீழே எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஐயமில்லாமல் நின்றன. வாக்கியத்துக்கு அது எளிது. சட்டையைப் போல. யார் போட்டுக்கொண்டாலும் கேட்டில் விட்டுவிடுவார்கள்.

10

வசந்தகுமாரி பெட்டியை வைத்தாள். பெயர் இருந்த பக்கம் இன்னும் தேய்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அங்கே இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல.

"யக்கா, அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி எட்னு வாயேன்."

வண்டியின் கீழே தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் தெளித்தது அதிலிருந்துதான். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"சில்லுன்னு எட்னு வா."

போனேன்.

லிப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. மெதுவாக ஏறினேன். கதவைத் திறந்தேன். வீட்டில் எல்லாம் நான் வைத்த இடத்தில் இருந்தது. வேறு யாரும் இல்லாத வீட்டில் எதுவும் நகர்வதில்லை. மேசையில் நிவேதிதாவின் வாக்கியம். ஜன்னலில் தம்ளர். மறுபடி தெளிந்திருந்தது. அது ஆடாமல் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே புங்கமரம் தெரிந்தது. வண்டியின் ஒரு சக்கரம் தெரிந்தது. சரசாவின் கால்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். முகங்களை இலைகள் மறைத்தன.

குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். தேவையைவிட அதிக நேரம் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இதையும் எழுதிவிடுகிறேன். நினைத்தால் ஓடி இறங்கியிருக்கலாம். இன்னும் எளிதாக, தண்ணீர் கேட்காதபடி அவளை எழுதியிருக்கலாம்.

இறங்கி வந்தபோது சரசா இல்லை. சட்டையும் இல்லை. வசந்தகுமாரி என் புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாங்களா?"

"பஸ்ஸு வந்துச்சு."

பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, பாதிவரை அவளே குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். கண்கள் சிவந்திருந்தன. கரிப்பெட்டிக்கு எதிரே நிற்பவளுக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"என்ன சொன்ன?"

"நீ எழுதற கதைதானே யக்கா? உனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப உடு." புடவையின் கரையை இழுத்து நேராக்கினாள். "இன்னிக்காச்சும் கஞ்சி போடாம குடுத்துகீறியே."

11

நிவேதிதாவுக்கு அனுப்பியது:

தேற்றம் (பெயர்ச்சொல்): உறுதி, ஐயம் நீங்கிய நிலை. தேறு > தேற்று > தேற்றம்.
எடுத்துக்காட்டு:

அந்த இடத்தை விட்டிருக்கிறேன். அவள் தன் வாக்கியத்தை அங்கே போட்டுக்கொள்வாள். அச்சில் நன்றாகவே இருக்கும்.

ஆனால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். வரச் சொன்னேன், வந்தீர்கள். தண்ணீர் எடுக்க மாடிக்குப் போனது நான் மட்டும்தான். உங்களை யாரும் எங்கும் அனுப்பவில்லை. அந்த நிழலில்தான் நின்றிருந்தீர்கள். பெட்டி பெயரின் மேல் போனதையோ போகாததையோ பார்த்திருப்பீர்கள். வசந்தகுமாரி சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். சரசா செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்த விதமும் தெரிந்திருக்கும்.

என்ன சொன்னாள்?

மூன்றாவது மாடி. ஏரிப் பக்கம். அழைப்பு மணி அடிக்காது, தட்டுங்கள். கதவில் இரண்டு பெயர்கள் இருக்கும். உள்ளே ஒருத்திதான் இருப்பேன்.